பெரிய ஃபைலைத் திறக்க எந்த எடிட்டர்?

எழுத்து ஃபைலைத் திறந்து திருத்தும் புரோகிராமைத்தான் எடிட்டர் என்கிறோம். இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் நோட்பேட் பிளஸ் பிளஸ் போடு என்பார். இன்னொருவர் வீஎஸ் கோட் என்பார். மூன்றாமவர் எடிட்டரை விட்டுவிட்டு ரேமைக் கூட்டச் சொல்வார். மூன்று பேரும் தங்கள் அனுபவத்தில் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஃபைல் எவ்வளவு பெரியது, அதில் எத்தனை வரி இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. எடிட்டரின் பெயரைத் தீர்மானிப்பது இந்த மூன்றும்தான். அதனால் முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம், பெயர்கள் பிறகு வரட்டும்.

எது பெரிய ஃபைல்?

இலங்கை மலையகத்தில், அட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் கற்பனை செய்வோம். கொழுந்து வாட்டும் தொட்டிகளில் 20 சென்சர்கள் பொருத்தியிருக்கிறது. ஒவ்வொன்றும் 5 செக்கனுக்கு ஒரு தடவை வெப்பநிலையையும் ஈரப்பதனையும் ஒரு வரியாக எழுதுகிறது:

2024-03-15 04:10:05,வா-07,24.6,81.2

ஏழாம் நம்பர் தொட்டி, 24.6 பாகை, 81.2 வீத ஈரப்பதன். இந்த ஒரு வரி 40 பைட். பைட் என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் மிகச் சிறிய அலகு. ஓர் இலக்கத்துக்கோ காற்புள்ளிக்கோ ஒரு பைட் போதும். இந்த ஃபைலில் வரி முடிந்தது என்பதற்கான குறியும் ஒரு பைட் எடுக்கும்.

ஒரு சென்சர் ஒரு நாளில் 17,280 வரி எழுதும். 20 சென்சருக்கும் சேர்த்து 345,600 வரி, அதாவது சுமார் 13.8 எம்பி. இந்த அளவுக்கு எந்த எடிட்டரும் சிரமப்படாது. இதே ஃபைல் ஒரு வருடம் தொடர்ந்து வளர்ந்தால் 126 மில்லியன் வரியைத் தாண்டும், அளவு 5 ஜீபி ஆகும். சிக்கல் அங்கேதான். ஒரு சீஎஸ்வீ ஃபைல், அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல், இந்த அளவுக்கு வளர்வதற்குப் பெரிய கம்பனி ஒன்றும் தேவையில்லை. யாரும் நிறுத்தாமல் விட்ட 20 சென்சர் போதும்.

அலுமாரியும் மேசையும்

தோட்டத்து ஆபீஸில் பழைய செக்ரோல் புத்தகங்கள், அதாவது தொழிலாளர்களின் வேலைக் கணக்குப் புத்தகங்கள், அலுமாரியில் அடுக்கியிருக்கும். ஒருவருக்கு 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் எத்தனை ‘பேர்’ விழுந்தது, அதாவது எத்தனை நாள் வேலை பதிவானது என்று பார்க்க வேண்டும். ஒரு கிளாக்கர் அலுமாரியில் இருக்கும் அத்தனை புத்தகங்களையும் முதலில் மேசைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் விரித்து வைத்த பிறகுதான் தேடத் தொடங்குவார். இன்னொரு கிளாக்கர் எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்ற ஒரு குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வேண்டிய பக்கத்தை மாத்திரம் எடுத்துவந்து பார்ப்பார்.

அலுமாரி என்பது உங்கள் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டீ. மேசை என்பது ரேம், அதாவது புரோகிராம் வேலை செய்யும்போது பொருட்களை வைத்துக்கொள்ளும் தற்காலிக மெமரி. நாம் அன்றாடம் பாவிக்கும் எடிட்டர்களில் பெரும்பாலானவை முதலாவது கிளாக்கரின் வகை. சின்ன ஃபைலுக்கு அதுதான் வேகமும்கூட, ஏனென்றால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 4 ஜீபி ரேம் உள்ள லெப்டொப்பில் 5 ஜீபி ஃபைலைத் திறந்தால்தான் மேசை நிரம்பி வழிகிறது.

வழிந்தால் என்ன நடக்கும்? விண்டோஸ் ரேமில் இருப்பதில் ஒரு பகுதியை மறுபடியும் டிஸ்க்குக்கு மாற்றி இடம் பண்ணிக் கொடுக்கும். பிறகு அந்தப் பகுதி தேவைப்பட்டால் திரும்ப எடுத்துவரும். இந்தப் போக்குவரத்தில்தான் முழுக் கணினியும் உறைந்து, மவுஸ்கூட அசையாமல் போகிறது. ‘ஃபைல் பழுதாகிவிட்டது’ என்று பலர் முடிவு செய்வது இந்த நேரத்தில்தான். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேவ் செய்யாமல் புரோகிராமை மூடினால் அது இருந்தபடியே இருக்கும்.

சுருக்கமாக, ஒரு எடிட்டரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது முழு ஃபைலையும் ரேமுக்குக் கொண்டுவருகிறதா, வேண்டிய பகுதியை மட்டும் படிக்கிறதா என்பது.

5 ஜீபி ஃபைலுக்கு 5 ஜீபி ரேம் போதாது

‘8 ஜீபி ரேம் இருக்கிறது, 5 ஜீபி ஃபைல் திறக்காதா?’ என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். விண்டோஸும் பிரவுசரும் எடுத்துக்கொள்வது ஒரு பக்கம் இருக்கட்டும். ஃபைலில் இருக்கும் எழுத்து, ரேமில் அதே அளவில் இருப்பதில்லை.

டிஸ்க்கில் நம் வரி யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறைகளில் இன்று பரவலாக இருப்பது இதுதான். இலக்கத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் ஒரு பைட், தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒரு குறிக்கு 3 பைட். சில எடிட்டர்கள் இதை உள்ளே யூடிஎஃப்-16 என்ற முறைக்கு மாற்றிக்கொள்ளும். அதில் இலக்கமானாலும் தமிழானாலும் ஒரு குறிக்கு 2 பைட். நம் வரியில் வரி முடிவுக் குறியோடு சேர்த்து 36 குறிகள் உண்டு. ஆக 40 பைட் வரி ரேமில் 72 பைட் ஆகிறது. 5 ஜீபி ஃபைல் 9 ஜீபியைத் தாண்டிவிடுகிறது.

முழுக்கத் தமிழில் உள்ள ஃபைலில் இது தலைகீழாகும். ‘தேயிலை’ என்ற சொல்லில் 6 குறிகள்: த, ஏகாரக் குறி, ய, இகரக் குறி, ல, ஐகாரக் குறி. டிஸ்க்கில் அது 18 பைட், யூடிஎஃப்-16இல் 12 பைட். ஒரே எடிட்டர் ஒருவருக்கு இலகுவாகவும் இன்னொருவருக்குப் பாரமாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வரம்பும் உண்டு. 32 பிட் புரோகிராம் விண்டோஸில் சாதாரணமாக 2 ஜீபி மெமரிக்கு மேல் பாவிக்க முடியாது. கணினியில் 16 ஜீபி இருந்தாலும் அதற்குப் பிரயோசனமில்லை. பழைய எடிட்டர் வைத்திருந்தால் அது 64 பிட் பதிப்பா என்று பாருங்கள். ரேம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய, காசு செலவில்லாத வேலை இது.

அளவை விட வரிகள்தான் பாரம்

வீஎஸ் கோட்டின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒருவருக்கு 35 எம்பி ஃபைல் ஒன்று திறக்கவில்லை. அளவு சின்னதுதான், ஆனால் உள்ளே 13.7 மில்லியன் வரிகள் இருந்தன. அந்நாளைய வீஎஸ் கோட் ஒவ்வொரு வரிக்கும் தனியாக ஒரு பதிவை மெமரியில் உருவாக்கியது. அந்தப் பதிவுகளே சுமார் 600 எம்பி பிடித்தன, அதாவது ஃபைலைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. 2018இல் அந்த அமைப்பையே மாற்றி எழுதினார்கள்.

வரிகளைப் பற்றி எடிட்டர் ஏன் கவலைப்பட வேண்டும்? ‘50,000ஆவது வரிக்குப் போ’ என்றால், அந்த வரி எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். அந்தப் பட்டியலை வரி அட்டவணை என்போம். ஒரு வரிக்கு 8 பைட் என்று வைத்தாலும், நம் தொழிற்சாலை ஃபைலின் அட்டவணை மட்டுமே சுமார் 1 ஜீபி. நல்ல புரோகிராம்கள் இதைச் சுருக்கி வைக்கும், அல்லது எல்லா வரியையும் குறிக்காமல் இடைவெளி விட்டுக் குறிக்கும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் இருக்கிறது. முழு ஃபைலும் ஒரே வரியாக இருப்பது. ஜேசன் என்ற வடிவில் வரும் தரவு பல நேரம் இப்படித்தான், 100 எம்பியும் வரி முறிவே இல்லாமல் நீண்டு கிடக்கும். பெரும்பாலான எடிட்டர்கள் வரி வரியாகக் கணக்குப் போட்டுத்தான் திரையில் வரைகின்றன. ஒரே வரி என்றால் திரையில் தெரியும் சிறு பகுதிக்காகக்கூட முழுவதையும் அளக்க வேண்டி வரும். நீண்ட வரியைத் திரை அகலத்துக்கு மடித்துக் காட்டும் வசதியையும், சொற்களுக்கு நிறம் தீட்டும் வசதியையும் முதலில் நிறுத்துங்கள். பல நேரம் அந்த இரண்டும் நின்றதுமே எடிட்டர் மூச்சு விடும். வீஎஸ் கோட்டும் நோட்பேட் பிளஸ் பிளஸும் பெரிய ஃபைல் என்று கண்டால் இந்த மாதிரி வசதிகளைத் தாமாகவே நிறுத்திக்கொள்வதும் இதனால்தான். நிறம் வரவில்லையே என்று அதைத் திரும்ப இயக்கப் போகாதீர்கள்.

ஓர் எழுத்தைத் திருத்த 5 ஜீபியை எழுத வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். டிஸ்க்கில் பைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. நடுவில் ஒரு எழுத்தைக் கூட்டினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் ஓரிடம் தள்ள வேண்டும்.

நீங்கள் டைப் செய்யும்போதே அது நடந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் துண்டு அட்டவணை என்ற உத்தி. மூல ஃபைலை எடிட்டர் தொடவே தொடாது. நீங்கள் புதிதாக டைப் செய்ததைத் தனியாக ஓரிடத்தில் சேர்த்து வைக்கும். பிறகு ‘மூலத்தில் தொடக்கத்திலிருந்து இதுவரை, அதன் பின் புதியதில் இந்தத் துண்டு, மறுபடி மூலத்தில் இங்கிருந்து’ என்று ஒரு பட்டியல் மட்டும் வைத்துக்கொள்ளும். வீஎஸ் கோட் 2018இல் மாறியது இந்த முறையின் ஒரு வடிவத்துக்குத்தான். பத்து இடத்தில் திருத்தினால் பட்டியலில் சில வரிகள் கூடும், அவ்வளவுதான்.

ஆனால் சேவ் கொடுத்ததும் அந்தப் பட்டியலின்படி முழு ஃபைலும் புதிதாக எழுதப்படும். செக்கனுக்கு 100 எம்பி எழுதும் ஹார்ட் டிஸ்க்கில் 5 ஜீபிக்கு 50 செக்கன். 20 எம்பி வேகப் பென் டிரைவில் நான்கு நிமிடத்துக்கு மேல். கவனமான எடிட்டர் புதிய ஃபைலைப் பக்கத்தில் எழுதி முடித்த பிறகே பழையதை அகற்றும், ஆகவே டிஸ்க்கில் இன்னொரு 5 ஜீபி காலியாக இருக்க வேண்டும். பழையதின் மேலேயே எழுதும் எடிட்டராக இருந்து, சித்திரை மாதத்துப் பின்னேர இடிமழையில் நடுவில் கரண்ட் போனால், பாதி ஃபைல்தான் மிஞ்சும். எந்த எடிட்டரானாலும் கொப்பி ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத் திருத்துங்கள். பென் டிரைவில் வைத்தே திருத்துவதை விட்டுவிடுங்கள்.

நீளம் மாறாத திருத்தம் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 24.6ஐ 24.8 ஆக்கினால் பைட் எண்ணிக்கை மாறுவதில்லை, எதையும் தள்ள வேண்டியதில்லை. பைட்டுகளை நேரடியாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர்கள் இந்த வேலைக்குப் பொருத்தம். எச்எக்ஸ்டீ என்ற இலவச எடிட்டர் மிகப் பெரிய ஃபைலையும் உடனே திறக்கும்.

எக்செல் ஓர் எடிட்டர் அல்ல

சீஎஸ்வீ ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் பல கணினிகளில் எக்செல்தான் திறக்கும். அங்கே நடக்கும் சேதம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எக்செல் ஒரு தாளில் 1,048,576 வரிகளுக்கு மேல் வைக்காது. நம் தொழிற்சாலைக் கணக்கில் அது மூன்று நாளும், நான்காம் நாளின் முதல் முக்கால் மணித்தியாலமும்தான். மிச்சம் வரவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். அதைக் கவனிக்காமல் மூடி, அதே பெயரில் சேவ் செய்தால் வருடத்தின் மீதி அத்தனை வரியும் ஃபைலிலிருந்தே போய்விடும்.

சின்ன ஃபைலிலும் ஆபத்து இருக்கிறது. தொழிலாளர்களின் புதிய தேசிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கம் கொண்டது. சாதாரணமாகத் திறந்தால் எக்செல் அதை ஓர் எண் என்று நினைத்து, முதல் சில இலக்கங்களை மட்டும் வைத்துப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். அப்படியே சீஎஸ்வீயாகச் சேவ் செய்தால், காட்டிய வடிவமே ஃபைலில் போய் உட்காரும். மீதி இலக்கங்கள் திரும்ப வராது. ஈபீஎஃப் இலக்கங்களின் முன்னால் இருக்கும் பூச்சியங்களுக்கும் இதே கதி. பார்ப்பதற்கு எக்செல் வேண்டுமென்றால், தரவு இறக்குமதி வழியாகப் போய், அந்த நிரலை எழுத்து வகை என்று குறித்துக் கொண்டுவாருங்கள். இரட்டைக் கிளிக் வேண்டாம்.

என்ன செய்யப் போகிறீர்கள்?

இப்போது பெயர்களுக்கு வருவோம். என்னைக் கேட்டால், ‘பெரிய ஃபைலை எடிட் பண்ண வேண்டும்’ என்பவர்களில் பெரும்பாலானோருக்கு வேண்டியது எடிட்டிங்கே இல்லை. ஒரு நாளின் பதிவைப் பார்க்க வேண்டும், அல்லது ஓர் எண்ணைத் தேட வேண்டும்.

பார்க்கவும் தேடவும் மட்டும் என்றால் கே-லொக் என்ற இலவசப் பார்வையாளன் போதும். அது இரண்டாவது கிளாக்கரின் வகை. ஃபைலை டிஸ்க்கிலிருந்தே படிக்கும், வரி அட்டவணையை ஒரு தடவை கட்டிக்கொள்ளும், தேடியதில் அகப்பட்ட வரிகளைக் கீழே தனியாகப் பட்டியலிடும். திருத்தும் வசதி கிடையாது. தெரியாமல் ஒரு விசை பட்டுத் தரவு மாறிவிடுமோ என்ற பயமும் இல்லை, அது பெரிய நிம்மதி. லினக்ஸில் லெஸ் என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும்.

ஒரு பகுதியைப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் வரி வரியாகப் படித்து எழுதும் சிறு கட்டளைகள் இருக்கின்றன. அவை ஒரு நேரத்தில் சிறு பகுதியை மட்டுமே ரேமில் வைப்பதால் 4 ஜீபி லெப்டொப்பில் 50 ஜீபி ஃபைலும் ஓடும். விண்டோஸில் கிட் மென்பொருளைப் போட்டால் கூடவே வரும் கிட் பாஷ் ஜன்னலில் இவை கிடைக்கும். ஹெட் தொடக்க வரிகளையும் டெய்ல் கடைசி வரிகளையும் காட்டும். கிரெப், கேட்ட சொல் உள்ள வரிகளை மட்டும் எடுக்கும். செட், ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை முழு ஃபைலிலும் மாற்றித் தரும். ஸ்ப்ளிட் ஃபைலைத் துண்டு போடும். நம் 5 ஜீபி ஃபைலில் கிரெப் கொண்டு 2024-03-15 என்ற திகதியைத் தேடி, விடையைப் புதிய ஃபைலுக்கு அனுப்பினால், 345,600 வரியுள்ள 13.8 எம்பி ஃபைல் கையில் வரும். அதை எந்த எடிட்டரிலும் திறக்கலாம், எக்செலிலும் அடங்கும்.

இதில் புதியவர்கள் தவறாமல் விழும் ஒரு குழி இருக்கிறது. விடையை மூல ஃபைலின் அதே பெயருக்கு அனுப்பக் கூடாது. கட்டளை படிக்கத் தொடங்கும் முன்பே, எழுதுவதற்காக அந்தப் பெயரில் உள்ள ஃபைல் வெறுமையாக்கப்படும். கடைசியில் பூச்சியம் பைட் ஃபைல்தான் மிஞ்சும். எப்போதும் வேறு பெயர் கொடுங்கள்.

உண்மையாகவே கையால் திருத்தித்தான் ஆக வேண்டுமா? சில நூறு எம்பி வரை 64 பிட் நோட்பேட் பிளஸ் பிளஸும் வீஎஸ் கோட்டும் தாங்கும், ரேம் அதற்கேற்ப இருந்தால். அதற்கு மேல், விண்டோஸில் எம்எடிட்டரைப் பாருங்கள். அது ரேமை நம்பியிராமல் டிஸ்க்கில் தற்காலிக ஃபைல் வைத்து வேலை செய்கிறது, ஃபைலின் ஒரு பகுதியை மட்டும் திறக்கும் வசதியும் உண்டு. அதன் தற்காலிக ஃபோல்டர் காலி இடமுள்ள டிரைவில் இருக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சீ டிரைவ் நிரம்பி நடுவில் நிற்கும். கட்டளைத் திரைக்குப் பழகியவர்களுக்கு விம் இருக்கிறது, ஆனால் மிக நீண்ட ஒற்றை வரியில் அதுவும் தடுமாறும்.

தமிழ் உள்ள ஃபைலுக்குத் தனிக் கவனம்

துண்டு போடும்போது வரிக் கணக்கில் போடுங்கள், பைட் கணக்கில் வேண்டாம். ‘வா’ என்பதற்கு 6 பைட். வெட்டு அதில் ஒரு குறியின் 3 பைட்டுக்கு நடுவில் விழுந்தால் ஒரு துண்டின் கடைசியிலும் அடுத்த துண்டின் தொடக்கத்திலும் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம் வரும். அந்த நிலையில் துண்டை எடிட்டரில் திறந்து சேவ் செய்தால், பிறகு ஒட்டினாலும் எழுத்து திரும்பாது.

விண்டோஸோடு வரும் பழைய கட்டளை ஜன்னலான பவர்ஷெல் 5.1இல், தொடக்கத்தில் குறிமுறையைச் சொல்லும் அடையாளக் குறி இல்லாத யூடிஎஃப்-8 ஃபைலைப் படிக்கும்போது தமிழ் சிதைந்து வரும். அதன் விடையை அம்புக் குறியால் (>) ஃபைலுக்கு அனுப்பினால் யூடிஎஃப்-16இல் எழுதி, இலக்கம் நிறைந்த ஃபைலை இரு மடங்காக்கும். குறிமுறை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், அல்லது கிட் பாஷிலேயே இருங்கள்.

தேடல் வெறுமையாக வந்தால் சொல் இல்லை என்று உடனே முடிவு செய்யாதீர்கள். நம் நாட்டுப் பழைய ஃபைல்களில் பல பாமினி எழுத்துருவில் டைப் செய்தவை. அங்கே ஃபைலில் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறிகள்தான், யூனிகோட் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. யூனிகோட் ஃபைலிலும் ஒரு சிக்கல்: ‘கொழுந்து’ என்ற சொல்லின் ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கிரெப்புக்கு இரண்டும் வேறு வேறு. ‘ழுந்து’ என்று மட்டும் தேடினால் இரண்டும் வரும்.

இனி ஃபைலைக் கொண்டுபோவது. பல பென் டிரைவ்கள் இன்னும் ஃபேட்-32 அமைப்பில் இருக்கின்றன, அதில் ஒரு ஃபைல் 4 ஜீபியைத் தாண்ட முடியாது. 64 ஜீபி காலியாக இருந்தாலும் நம் 5 ஜீபி ஃபைல் ஏறாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் அமைப்பில் ஃபோமட் செய்யுங்கள். கொப்பியானதும் இரண்டு பக்கமும் ஃபைலின் பைட் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். துண்டு போட்டுக் கொண்டுபோய் ஒட்டியிருந்தால், துண்டுகளின் வரிகளைக் கூட்டி மூல ஃபைலின் வரி எண்ணிக்கையோடு சரி பாருங்கள். டபிள்யூசி என்ற கட்டளை இதை எண்ணித் தரும். அது சரியாக வந்த பிறகு பழைய கொப்பியை அழிக்கலாம்.